அகலக் கட்டிய கயிறு

பட்டறைக்காரருக்குச் சந்தேகம் மூக்குக்கண்ணாடி மாதிரி. அதை மாட்டாமல் அவருக்கு எதுவும் தெரியாது. நேற்று உத்தரத்தில் இரண்டு கயிறுகளில் தொங்கிய லாரி இன்ஜின், கயிறு அறுந்து விழுந்ததும், அவர் பார்வை நேரே மச்சான் மேல் போனது. மனைவியின் தம்பி. எதிர்ப் பட்டறைக்காரனோடு இளித்து இளித்துப் பேசுகிறவன். இன்ஜின் விழுந்த நொடியில் இவரைத் தோளில் இடித்துத் தள்ளியவனும் அவன்தான். முன்கூட்டியே தெரியாமல் எப்படித் தள்ளுவான்?

"புதுக் கயிறு தானா அறுமா? உன் தம்பிதான் கத்தியால அறுத்து வெச்சிருக்கான். இன்னையோட அவனை அனுப்பிடுறேன்" என்றார் மனைவியிடம்.

"நிரூபிச்சுட்டு அனுப்புங்க. இல்லன்னா நானும் அவன்கூடக் கிளம்பிடுவேன்."

மச்சான் அறுந்த கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தான். அதுவும் அவருக்கு உறுத்தியது.

உத்தரத்தின் நடுக் கொக்கியில் இரண்டு கயிறுகளைக் கட்டி, கயிற்றுக்கு ஒரு சுருள்வில் தராசு வீதம் மாட்டி, பத்துக் கிலோ இரும்புக் கட்டையை நேராகத் தொங்கவிட்டார். தராசுகள் ஐந்து, ஐந்து என்று காட்டின.

"பாத்தியா? பாரத்தை ரெண்டும் பாதிப் பாதியாத் தாங்குது. ஒரு கயிறே இன்ஜினைத் தாங்கும். அப்புறம் எப்படி அறுந்துச்சு?"

"நேத்து இப்படியா தொங்குச்சு? உத்தரத்தோட ரெண்டு மூலைக்கும் இழுத்துல்ல கட்டியிருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

அகலமாகக் கட்டினால் இன்னும் பத்திரம்தானே! கயிறுகளை மூலைக் கொக்கிகளுக்கு மாற்றினார். பதினைந்து, பதினைந்து!

"தராசுலயும் கைவெச்சுட்டானா?" தராசுகளை இடம் மாற்றினார். அதே பதினைந்து.

கிட்டப் போய்ப் பார்த்தார். அட, கயிறுகள் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கின்றனவே! இரண்டும் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்தே பலத்தில் பெரும்பகுதியை வீணாக்குகின்றன. மேலே தூக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் பாரத்தைத் தாங்க, ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்துக்கும் மேலேயே இழுபட வேண்டியிருக்கிறது.

"மூலைக்கு மாத்தினது யாரு?" என்றாள் மனைவி.

அவர் ஏணியைப் பார்த்தார். மச்சான் நடுக் கொக்கியில்தான் கட்டியிருந்தான். அவன் முடிச்சை நம்பாமல், இன்ஜினை மாட்டும் முன்பே, அவன் சாப்பிடப் போன நேரம் ஏணி போட்டு ஏறி மாற்றியவர் இவரே.

"விழப்போகுதுன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"கயிறு முறுக் முறுக்னு சத்தம் போட்டுச்சு மாமா. நீங்க அதுக்கு அடியில நின்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

பட்டறைக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏணியை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினார்.

"முடிச்சை நீயே போடுடா."