ஒரு சாண் கதவு

அக்டோபர் ஒன்பதாம் தேதி, துறைமுக நகராட்சிக் கட்டடத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு எல்லை தாண்டி வந்தவர்கள், வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி ஒரு மெத்தைப் பட்டறை. அங்கே விளிம்பு தைப்பவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியம்மா வயதில் மூத்தவர், அவரும் அக்கா என்பார். அவளும் அவள் கணவனும் எல்லை தாண்டி வந்து மூன்று வருடம் ஆகிறது. இருவருக்கும் அடையாள அட்டை உண்டு, பட்டறைக்கு மேலே ஓர் அறை உண்டு. கணவன் பஞ்சு அடைப்பான். சொந்த நாட்டில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் என்பதால் பட்டறையில் அவனுக்கு மீட்டர் என்றே பெயர்.

அக்காவின் கூடப்பிறந்த தம்பி வந்து சேர்ந்தது செப்டம்பர் கடைசியில். அவன் சிறை ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டியவன். ஏற்றும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள் இறக்கும்போது பேசாமல் போனதைப் பார்த்தவன். பார்த்ததை வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டான். திரும்பிப் போனால் அதே வண்டியில் அவனை வேறொருவன் ஏற்றிக்கொண்டு போவான்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வக்கீலம்மா ஒருவர் அறிவிப்பை எதிர்த்து மனு போட்டிருந்தார். "திங்கட்கிழமை விசாரணைக்கு வருது. தடை கிடைச்சிடும்னுதான் தோணுது. அதுவரைக்கும் உங்க தம்பி வெளிய தலை காட்டக் கூடாது. உங்க வேலை அவ்வளவுதான்" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த 'அவ்வளவுதான்' தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கியது. மீட்டர் பட்டறையில் கிடந்த பலகைகளை வைத்து ஒரு பெட்டிக் கட்டில் செய்தான். மேலே மெத்தை, கீழே ஆள் படுக்கிற பெட்டி. சுவர்ப் பக்கம் மூச்சு விட ஓட்டைகள் போட்டான்.

தம்பி உள்ளே படுத்துப் பார்த்தான். "மாமா, கட்டில்னு சொல்லிட்டுச் சவப்பெட்டி செஞ்சிருக்கீங்க."

"சவப்பெட்டிக்கு யாருடா காத்து ஓட்டை போடுவான்? நன்றி கெட்டவனே."

"நான் எத்தனை பெட்டி ஏத்தியிருக்கேன், எனக்கே பாடமா? இது நல்ல பெட்டி மாமா. மேல மெத்தை வேற இருக்கு."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. ஆனால் அவளும் சிரித்தாள். தம்பி வந்த பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் அறையில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் மூடிக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் வந்தாலே கூட்டம். தெருவுக்கு ஒரு கண்காணி உண்டு, அவன் போகிற போக்கில் அந்தச் சாண் இடைவெளியில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவான். பிரசவமானாலும் சாவானாலும் கதவு திறந்துதான் கிடக்கும். பெண் கேட்டு வந்தவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே பேசி முடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை கிடக்கும். குழந்தைகள் நடக்கப் பழகும்போதே அந்தக் கட்டையைக் காலால் தள்ளவும் பழகிவிடும்.

"கல்யாணமான புதுசுல உங்க அம்மா வந்து எங்களோட குளிர்காலம் முழுக்க இருந்தாங்க. கதவு மூடவே இல்ல. அதான் எங்களுக்குப் பிள்ளையே பிறக்கல" என்பான் மீட்டர். அக்கா கையில் இருப்பதை அவன் மேல் எறிவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது மட்டும் உண்மை.

தம்பி வந்து சேர்ந்த முதல் நாளே அக்காவின் கால் தன் வேலையைச் செய்துவிட்டது. மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மீட்டர்தான் கவனித்தான். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இடையில் ஒரு நுரைத் துண்டு, பட்டறையில் மூலை வெட்டி எறிவது, முட்டுக் கொடுத்துக் கிடந்தது. யார் வைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுந்து போய் மூடினான். மூடியதும் மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தப்புச் செய்துவிட்ட பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு மூச்சு முட்டுது. எல்லை தாண்டி வந்தப்பகூட இப்படி இல்ல" என்றான் தம்பி.

அதிலிருந்து 'கதவு' என்பது அவர்களுக்குள் ஓர் எச்சரிக்கை ஆனது. தட்டை வைக்கும்போது கதவு, விளக்கைப் போடும்போது கதவு. இருந்தும் வாரத்தில் இரண்டு முறையாவது அந்த நுரைத் துண்டு எங்கிருந்தோ வந்து அதே இடத்தில் நிற்கும். மீட்டர் அதைக் குப்பையில் போட்டால் வேறொன்று வரும். நுரைக்குப் பஞ்சமா அந்த வீட்டில்!

வியாழக்கிழமை மதியம் சோதனைக்கு வந்தார்கள். முதலாளியம்மா கீழேயிருந்து, "அக்கா, உன்னப் பாக்க ஆள் வந்திருக்காங்க" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் குரல் கொடுத்தார். தம்பி பெட்டிக்குள் போனான். மீட்டர் மெத்தையை இழுத்துப் போட்டு அதன்மேல் துணிகளை மடிக்க உட்கார்ந்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். குடியேற்றத் துறை அதிகாரி ஒரு பெண், பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் மாடிப்படியிலேயே தும்மத் தொடங்கியிருந்தார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர், நடுவயது, தோய்த்துத் தேய்ந்த சட்டை. அவர் வாயைத் திறந்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் நாட்டுக்காரர்.

அதிகாரி அடையாள அட்டைகளைப் பார்த்தார். உட்கார நாற்காலி இல்லை. மீட்டர் எழுந்து நின்றதும் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். பலகை முனகியது.

"இங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர் வாசலில் நின்றபடி.

"ரெண்டு பேர் சார்."

"செப்டம்பருக்கு அப்புறம் சொந்தக்காரங்க யாராவது வந்தாங்களா?"

"யாரும் இல்ல சார்."

அதிகாரி மறுபடி தும்மினார். ஒரு தும்மல் வந்தால் அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும். கண்ணில் நீர் வழிய ஏதோ சொன்னார்.

"இந்தத் தூசியில எப்படித் தூங்குறீங்கன்னு கேக்குறாங்க."

"பழகிப்போச்சு சார். தூசி இல்லாட்டிதான் தூக்கம் வராது" என்றான் மீட்டர். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டு எழுந்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்து, நல்ல மெத்தை என்று பாராட்டினார். பிறகு முகம் கழுவ வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார்.

மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பின்னால் வெளியே வந்து, "கதவைச் சாத்திக்குங்கம்மா, தூசி வெளிய வருது" என்றார்.

"சரிங்க சார்."

அவள் சாத்தினாள். சாத்திக்கொண்டே வந்தவளின் கால் பக்கத்தில் கிடந்த நுரைத் துண்டைத் தள்ளியது. கதவு ஒரு சாணில் நின்றது.

படியில் கால் வைத்தவர் நின்றார். அவர் பார்வை கதவிலிருந்து நுரைத் துண்டுக்கு இறங்கியது. இடைவெளி வழியாக அறைக்குள் மீட்டரையும் அவளையும் பார்த்தார். உதடு அசையவில்லை, ஆனால் எண்ணுவது தெரிந்தது. இரண்டு பேர். இரண்டு பேருக்கு எதற்குக் கதவு திறந்திருக்கிறது? இந்த ஊரில் வேறு யார் கண்ணுக்கும் அது சாத்தாமல் விட்ட கதவு, அவ்வளவுதான். அவருக்கு அப்படி இல்லை.

அவர் திரும்பி வந்தார். குனிந்து நுரைத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளின் நாக்கு டக்கென்று விழுந்தது.

தெருவில் கார் கிளம்பிப் போன பிறகுதான் தம்பியை வெளியே எடுத்தார்கள். அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"சாத்திட்டுத்தானே போனாரு? காட்டிக் கொடுக்கிறவன் எதுக்குச் சாத்தணும்? நல்ல மனுஷன்" என்றான் மீட்டர்.

"மாமா, நம்ம ஊர்ல கண்காணி எவனாவது கூச்சல் போட்டுப் பாத்திருக்கீங்களா? சிரிச்சிட்டுத்தான் போவான். நல்லா இருக்கீங்களான்னு கேப்பான். அப்புறம்தான் வண்டி வரும். அந்த வண்டியை ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"இது நம்ம ஊர் இல்லடா."

"அந்தாள் நம்ம ஊர்தானே?"

முதலாளியம்மா மேலே ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு தடவை பாத்துட்டுப் போன வீட்டை மறுபடி பாக்க மாட்டாங்க. திங்கட்கிழமை வரைக்கும் அசையாதீங்க. இதைவிடப் பத்திரமான இடம் இப்போதைக்கு ஊரிலேயே இல்ல" என்றார். சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் இவர்கள் நாட்டில் பிறந்தவர் இல்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை. "நீ சொல்லுக்கா. இருன்னா இருக்கேன். போன்னா போறேன்."

அவளால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. மூடிய கதவைப் பார்த்தால் அதற்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திறந்தால் யாரோ எட்டிப் பார்ப்பது போலிருந்தது. நுரைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டது எதற்கு? சாட்சிக்கா? நல்லவன் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. சொல்லாமல் போனவனை அவளுக்குத் தெரியும். அவள் வளர்ந்த தெருவில் எல்லாருமே அப்படிச் சொல்லாமல் போனவர்கள்தான்.

"சாயங்காலம் டெலிவரி வண்டி பாலத்தைத் தாண்டுது இல்லையா?" என்று முதலாளியம்மாவைக் கேட்டாள். "வக்கீலம்மா வீடு அந்தப் பக்கம்தான்."

"வேண்டாம் அக்கா."

"இங்க வச்சிருக்க முடியாதும்மா. என்னால முடியாது."

முதலாளியம்மா கடைசியில், "உன் தம்பி, உன் முடிவு" என்று சொல்லி இறங்கிப் போனார்.

வெளிச்சம் இருக்கும்போதே வண்டி கிளம்பியது. இரட்டை மெத்தைகளுக்கு நடுவில் தம்பியைப் படுக்க வைத்தார்கள். "இப்ப கீழயும் மெத்தை, மேலயும் மெத்தை. ராஜ வாழ்க்கை மாமா" என்றான். மீட்டர் மேல் மெத்தையின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தான். அக்கா வண்டியின் பின்கதவைச் சாத்தினாள். இந்த முறை முழுசாகச் சாத்தினாள்.

பாலத்தின் முனையில் அன்று மதியம்தான் புதிதாகச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு ஊரைச் சுற்றி எல்லாப் பாலங்களிலும் போட்டது. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. காவலர்கள் எல்லா வண்டிகளையும் நிறுத்தினார்கள், இதையும் நிறுத்தினார்கள். மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை காலை காவல் நிலைய நடையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பியிடம் விசாரிக்க மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். அவர் வெளியே வந்ததும் அவளைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா அனுப்பினீங்க?" என்றார் தாழ்ந்த குரலில். "நான்தான் கதவைச் சாத்திட்டுப் போனேனே?"

"அதனாலதான் சார்."

அவருக்கு உடனே புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். நுரைத் துண்டுக்காகச் சட்டைப் பையைத் தொட்டார், அன்று வேறு சட்டை.

"அந்த அதிகாரியம்மா முகம் கழுவிட்டு உடனே மேல வந்திடுவாங்களோன்னு பயம். வாயைத் திறக்க எனக்கும் தைரியம் வரல. எனக்கு வேலை போயிடும், அட்டையும் போயிடும்." பிறகு, "எங்க வீட்டுல நாலு பேரும்மா. வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் கதவு ஒரு சாண் திறந்துதான் கிடக்கு. என் பொண்ணு இங்க பிறந்தவ. தெருவே பாக்குது, சாத்துங்கப்பான்னு கத்துறா" என்றார்.

"உள்ள என்ன சொன்னான்?"

"கட்டில் நல்லா இருந்துச்சுன்னு மாமாகிட்டச் சொல்லச் சொன்னான்."

காவலர் ஒருவர் கூப்பிட, அவர் எழுந்து போனார்.

சனிக்கிழமை பகலில் தம்பி எல்லையில் ஒப்படைக்கப்பட்டான். திங்கட்கிழமை நீதிமன்றம், செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு வந்தவர்களைத் திருப்பி அனுப்பத் தடை விதித்தது.