யாய்சு கிளையின் கடைசி ஆர்டர்

எங்கள் மின்சாதனக் கடையின் நூற்றுப் பதினான்கு கிளைகளில் நூற்றுப் பதின்மூன்றில் விற்பனைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடித் துறைமுக ஊரான யாய்சுவின் கிளையில் மட்டும் அது அசையவில்லை.

சந்தைக்கு வந்து ஒன்பது வருடமான ஒரு கேம் கன்சோலின் கோடு அது. அடுத்த மாதத்தோடு தயாரிப்பு நிறுத்தம். செய்தி இன்னும் வெளியே போகவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் கடைசியாக எத்தனை வாங்கி வைப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும். போன வருடம் என் கணிப்பு தப்பி, அரிசிக் குக்கர்கள் கிடங்கை அடைத்துக்கொண்டு நின்றன. இன்னொரு முறை தப்பினால் கணிப்புப் பிரிவில் எனக்கு நாற்காலி கிடையாது.

"யாய்சுல எவனோ மொத்தமா வாங்கி வெளியில விக்கிறான், நாகுரா. அந்தக் கிளைக்கு நாப்பது போட்டு முடி," என்றார் மேலாளர் உஷியாமா.

"நேர்ல பாத்துட்டு வந்துடறேன் சார்."

"நாப்பதைப் பாக்க ரயில் ஏறப் போறியா?"

ஏறினேன். கிளையில் ரசீதுகளைப் புரட்டினால், எல்லாவற்றிலும் இரண்டு பெட்டிகள். விலாசம்: மூன்றாம் படகுத்துறை.

அங்கே சூரைமீன் படகு ஒன்றில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மாதப் பயணம். கப்பலாட்களின் தலைவர் இசோபே, எங்கள் கடைப் பெட்டி இரண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு உப்புக் காத்து அரிக்கறதுக்கு."

"புது மாடல் வாங்கலாமே. அதுக்கு இன்டர்நெட் வேணும்னா, படகு மேலயே ஆன்டெனா தெரியுதே."

"வந்து ஒரு வருஷமாச்சு. அதுக்கு?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, புதுசு வாங்கினா டிஸ்க்கை யார்கிட்ட மாத்திக்கறது?"

அவர் விவரித்த பிறகுதான் விளங்கியது. எரிபொருளுக்குக் கேப் டவுனில் ஒதுங்கும்போது படகுக்குப் படகு டிஸ்க் மாற்றிக்கொள்வார்கள். முப்பத்தெட்டுப் படகுகள், எல்லாவற்றிலும் ஒரே கன்சோல். தனியாக மாறுகிறவன் பத்து மாதமும் தன் டிஸ்க்கையே தேய்க்க வேண்டியதுதான்.

"எவனும் முதல்ல மாற மாட்டான். மாறினா எல்லாரும் ஒரே நாள்ல மாறணும்," என்றார்.

ஆக, இந்தக் கோடு மெல்ல இறங்காது. ஒருநாள் அப்படியே அறுந்து விழும். என்றைக்கு?

"அப்படி என்ன ஆட்டம் ஆடுவீங்க?" என்று பேச்சை வளர்த்தேன்.

"மீன்பிடிக்கிற ஆட்டம். அதுலயாவது பெருசா சிக்குதே." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிறியே. இதை நிறுத்தப் போறாங்களா?"

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் அது பொய்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"போதும்," என்றார் இசோபே. "புறப்படறதுக்குள்ள மத்த படகுக்காரங்ககிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

வியாழன் மதியம் இசோபேயிடமிருந்து போன் வந்தது. இன்னும் நாலு பயணத்துக்கு யாரும் மாறுவதில்லை என்று முப்பத்தெட்டுப் படகும் ஒத்துக்கொண்டிருந்தன. படகு ஒன்றுக்கு, பயணம் ஒன்றுக்கு இரண்டு பெட்டி.

வெள்ளிக்கிழமை உஷியாமா என் ஆர்டர் தாளைப் பார்த்தார். "யாய்சுக்கு மட்டும் முன்னூத்தி நாலா? என்ன கணிப்பு இது?"

"கணிப்பு இல்ல சார். வாங்கறவங்களையே கேட்டேன்."

"நிறுத்தற விஷயம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சொல்ல முடியாதுன்னு சொன்னேன். அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க."

அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு ஒப்புதல் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"தப்பினா அந்த முன்னூத்தி நாலையும் யாய்சுல உக்காந்து நீதான் விக்கணும்."

"சரி சார்."

தாளில் முத்திரை விழுந்தது.