பகல் பத்து மணிப் பாட்டுக் கூட்டம்

என் சிநேகிதி எமெரித்தா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாள். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயம். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கடல் தாண்டி ஓர்லாண்டோவிலிருந்து அவள் மகள் நெரெய்டா வந்திருந்தாள். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அவளுக்கு ஞானத்தாய் நான்தானே, சண்டைக்குப் போனேன்.

"இங்க யாரு சின்னம்மா இருக்கா? டாக்டரும் ஊர விட்டுப் போயாச்சு. இந்த மலையில சின்னஞ்சிறுசு ஒண்ணு உண்டா? அவங்களா எந்திரிச்சு நடந்தா நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்?"

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதே. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்துவிட்டு பர்ராண்டா போகாமல் இருக்க முடியுமா? பூனை மாதிரி ஒரு வீட்டு வாசலில் கூடி, திடீரென்று எல்லாரும் சேர்ந்து பாட்டை எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் எழுந்து வந்து கதவைத் திறந்து, அடுத்த வீட்டுக்குக் கூடவே வர வேண்டும். ஒரு காலத்தில் நடுராத்திரியில்தான் போவோம். இப்போது எட்டு மணிக்கே ஊர் முழுக்கக் குறட்டை. அதனால் மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் காலை பத்து மணிக்குப் போகிறோம்.

எங்கள் கூட்டத்தில் குவாத்ரோ வாசிப்பவள் எமெரித்தாதான். அவள் படுத்துவிட்டதால் அந்தத் தந்தி வாத்தியத்தைச் சிப்ரியானோவிடம் கொடுத்திருந்தோம். மனிதருக்கு எண்பது தாண்டிவிட்டது. அன்றைக்குப் பார்த்துக் காது மிஷினில் பேட்டரி தீர்ந்திருக்கிறது.

எமெரித்தா வாசலில் பாட்டை எடுத்தோம். நாங்கள் ஒரு பக்கம் போகிறோம், சிப்ரியானோ ஒரு பக்கம் போகிறார். கண்ணை மூடி, தன் வாசிப்பு தனக்கே கேட்காமல் சொக்கிப்போய் நிற்கிறார். நிறுத்தச் சொல்லி முதுகில் குத்தினேன். பாராட்டு என்று நினைத்து இன்னும் வேகம் எடுத்தார். போயும் போயும் இவள் வீட்டு வாசலிலா மானம் போக வேண்டும்!

உள்ளேயிருந்து எமெரித்தா நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? மறுபடியும் கத்தினாள். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. அவள் பிடித்து நடப்பதற்கென்று வாங்கிய நடைச்சட்டம் தரையில் டொக் டொக்கென்று நெருங்கி வந்தது.

கதவு திறந்தது. கலைந்த தலையோடு எமெரித்தா நின்றாள். அவள் பின்னால் நெரெய்டா, வாயைப் பொத்தியபடி.

"குடுய்யா அத. காது குத்தகைக்கு விட்டுட்டியா?" என்று வாத்தியத்தைப் பிடுங்கினாள் எமெரித்தா. நிலைப்படியில் சாய்ந்து சுருதி சேர்த்து வாசிக்க ஆரம்பித்தாள். நான் அழுதுகொண்டே பாடினேன். வெட்கமாகவே இல்லை.

அடுத்தது சிப்ரியானோ வீடு. முறை முறைதானே, எமெரித்தாவும் நடைச்சட்டத்தோடு புறப்பட்டாள். கடைசி வீட்டில் எல்லாரும் குடிக்க எமெரித்தா வீட்டில் காய்ச்சியிருந்த கோழிக்கஞ்சிப் பானையைத்தான் எங்களில் ஒருவராலும் தூக்க முடியவில்லை. நெரெய்டா வந்து ஒரே தூக்காகத் தூக்கினாள்.

"அப்பாடா, நம்ம கூட்டத்துக்கும் ஒரு சின்னப் பொண்ணு கிடைச்சுது" என்றார் சிப்ரியானோ, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவளுக்கு ஐம்பத்தாறு வயது.

கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் நெரெய்டா என் பக்கம் திரும்பினாள். "சின்னம்மா, ரெண்டு டிக்கெட்ல ஒண்ண ரத்து பண்ணிடுறேன்."

முன்னால் போய்க்கொண்டிருந்த எமெரித்தா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ரெண்டையும் பண்ணுடி. நாளைக்குப் பானைய யாரு தூக்குறது?"