பீலரின் துவக்கும் வரதராசாவின் விடையும்

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. சுவிஸில், துன் என்ற ஊரில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு படைவீரன், முழங்கால்களுக்கிடையில் அவனுடைய துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு. அவன் தூங்கிப்போக, துவக்கு மெல்லச் சரிந்து என் தோளில் சாய்ந்தது. பெர்ன் வரும்வரை இரண்டு மணித்தியாலம் நான் அசையவில்லை.*

* துன்னிலிருந்து பெர்னுக்கு இருபது நிமிடம்தான். ஓய்வூதியம் எடுப்பவனிடம் மணிக்கூடு பார்த்துப் பொய் சொல் என்று கேட்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் துவக்கைக் கண்டு ஓடியவன் இங்கே அதற்குத் தலையணையானேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஆல்ப்ஸ் மலையில் பனி உருகிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்..." [வேண்டாம். இப்படித் தொடங்கிய கதைகளை அடுக்கினால் இன்னொரு ஆல்ப்ஸ் வரும்.]

இரண்டாவது: "ஆயிரம் பசுக்களும் ஆயிரத்தைந்நூறு துவக்குகளும் உள்ள ஒரு கிராமம்." இது இருக்கட்டும். கிராமத்தையும் அது இருக்கும் கன்டோனையும் (இங்கே மாநிலத்துக்கு அதுதான் பெயர்) நானே கட்டினேன், வரைபடத்தில் தேடாதீர்கள். அங்கே துவக்குச் சங்கத் தலைவர் ஹேர் பீலர், அதாவது திருவாளர் பீலர். சில வகைத் துவக்குகளைப் பதிய வேண்டும் என்று பெர்னில் மத்திய அரசு சட்டம் போட, மனிதர் கொதித்துப் போனார். "எங்கள் கன்டோன் பொலிஸ் அந்தச் சட்டத்தைத் தொடவே கூடாது" என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். பீலர் தன் நாயைப் பதிந்திருக்கிறார். காரை, படகை, பதினொரு பசுக்களையும் காதில் இலக்கம் குத்திப் பதிந்திருக்கிறார். துவக்குக்கு ஒரு படிவம் வந்தால் மட்டும் சுதந்திரம் செத்துவிடுமாம்.

3

இனி வரதராசா. முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்தாறு வருடம். மகன் அபிஷன் வாக்குச்சீட்டை நிரப்புவான், தகப்பன் அந்தக் கடித உறையைக் கொண்டுபோய்த் தபாலில் போடுவார். இந்த நாட்டுச் சனநாயகத்தில் அவருடைய பங்கு அவ்வளவுதான். சுவிஸ் குடியுரிமைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து, இரண்டு தடவையும் தள்ளிவிட்டார்கள். இது மூன்றாவது. நேர்காணும் கிராமக் குழுவுக்குத் தலைவர் யார்? பீலரேதான். (சின்னக் கிராமம். பதவிகள் அதிகம், ஆட்கள் குறைவு.)

எங்கள் ஆட்கள் நேர்காணலுக்குப் போகும் விதம் உங்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் சுற்றும் நூற்றிருபது கேள்வி விடைகளைத் தேவாரம் போலப் பாடமாக்குவோம். நாற்பத்தேழாம் விடை: "கன்டோன் சட்டமும் மத்திய சட்டமும் மோதினால், மத்திய சட்டமே மேல்."

"நாப்பத்தேழை மட்டும் அங்க சொல்லிப்போடாதையுங்கோ," என்றாள் மனைவி ஜெயகௌரி.

"அதுதானப்பா சரியான விடை!"

"சரியான விடை ஆருக்கு வேணும்? பாஸ்போட்டெல்லோ வேணும்."

"அப்ப என்னத்தைச் சொல்லுறது?"

"பீலற்றை துவக்கு நல்ல வடிவெண்டு சொல்லுங்கோ."

"துவக்கிலை என்னடியப்பா வடிவு?"

"கலியாண வீடு வழிய எத்தினை பொம்பிளையளைப் பாத்து வாய் கூசாமல் சொன்னனீங்கள். அதைப்போலை."

[வரதராசாவைத் துணிச்சல்காரராக எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா? என்னுடைய நேர்காணலில் நான் முக்கால் மணித்தியாலம் பாற்கட்டியைப் புகழ்ந்தவன்.]

4

குழுவில் ஐந்து பேர். பீலர் ஜெர்மன் மொழியில் கேட்டார்: "பெர்ன் என் துவக்கைப் பதியச் சொல்கிறது. கன்டோன் வேண்டாம் என்றால், நீங்கள் யார் பக்கம், ஹேர் வரதராசா?"

முடிவு அ: நாற்பத்தேழு. பீலர் பேனையை மூடுகிறார்.

முடிவு ஆ: "உங்கள் துவக்கு நல்ல வடிவு." பாஸ்போட் வருகிறது, சங்கத்திலும் சேர்த்துவிடுகிறார்கள், ஞாயிறுதோறும் வரதராசா கோயிலுக்குப் போகாமல்... [இந்த வசனத்தை வரதராசா முடிக்க விடவில்லை. என் சட்டம் தன்னிடம் செல்லாதாம். என் பாத்திரமும் கன்டோன் ஆகிவிட்டது!]

முடிவு இ-யை அவரே சொன்னார். ஜெர்மனில்தான், ஆனால் எனக்கு இப்படித்தான் கேட்டது:

"எங்கட வீட்டுக்குத் துவக்கு மூண்டு தரம் வந்தது. மூண்டும் வேறை வேறை பகுதி ஆக்கள். கடைசியா வந்தவை அண்ணையைக் கூட்டிக்கொண்டு போச்சினம். எந்தத் துவக்கு, ஆற்றை துவக்கெண்டு போய்க் கேக்க ஒரு கந்தோர் இல்லை. இஞ்ச அதுக்கொரு படிவம் இருக்கு. நான் அகதியா வந்தனான், படிவம் நிரப்பிறதிலை என்னை ஒருத்தரும் அடிக்கேலாது. உங்கடையை நான் நிரப்பித் தரட்டோ, ஹேர் பீலர்?"

ஒருவர் சிரித்துவிட்டார். பீலர் இல்லை.

5

வாக்கெடுப்பு. இரண்டு கைகள் உயர்ந்தன. இரண்டு மேசையிலேயே கிடந்தன. அதில் ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாமவருக்கு நான் பெயரும் வைக்கவில்லை, முகமும் வரையவில்லை. அது நீங்கள்.

என்னைப் பார்க்காதீர்கள். எழுதினவனுக்கு இந்தக் கிராமத்தில் வாக்கில்லை. கையைத் தூக்குவதும் விடுவதும் உங்கள் பாடு. வெளியே ஜெயகௌரி நிற்கிறாள். கதவு திறந்ததும் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.