முதல் வெடி

ஒரு பிடி மண்ணை அள்ளக் குனிந்தபோது மில்காவின் வலது மணிக்கட்டு சுரீரென்று இழுத்தது. அப்பாவின் உயிர் பிரிகிற வரை அரம் பிடித்த கை. வீக்கம் இன்னும் வடியவில்லை. இடது கையால் அள்ளிப் பெட்டிமேல் போட்டாள்.

மணி அடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று கட்டிப்போட்ட மாதா கோவில் மணியை இன்று, சனிக்கிழமை, சாயந்திரப் பூசையில்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை வெடிச் சத்தமும் ஆகாது. வெடிச் சங்கத்து ஆட்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தங்கள் குபுராக்களின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து நின்றார்கள். குட்டையான, தடித்த குழல் வைத்த கைத்துப்பாக்கி. குண்டு கிடையாது; வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, இடித்துக் கெட்டித்து, வானத்தைப் பார்த்துச் சுடுவது. கல்யாணத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு. எல்லாம் அவள் அப்பா தோமோவின் பட்டறையில் பிறந்தவை. தோமோவைப் புதைக்கும்போது ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

"ஊர்ல எல்லார் சாவுக்கும் வெடி போட்டவன், தான் சாக மட்டும் வாயடைச்ச நாளாப் பாத்துப் புடிச்சான் பாரு," என்றார் சங்கத் தலைவர் ருடி. "திங்கக்கெழம வந்து போட்டுடுவோம் மில்கா. மனசுல வச்சுக்காத."

"சரிண்ணே."

கல்லறைத் தோட்டத்து வாசலில் பிளம் சாராயம் கைமாறியது. ருடி பக்கத்தில் வந்தார்.

"எனக்கு ஒண்ணு செஞ்சுக்கிட்டிருந்தானே, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இன்னும் சுடல."

"போச்சு. செஞ்சவன் சுடாத குபுராவ எவன் தொடுவான்?" என்றான் சங்கத்து ஆள் பிளாஜ். "அவரோடயே குழியில எறக்கியிருக்கலாம்."

புதுக் குழலுக்கு முதல் வெடி இரட்டை மருந்து. செய்த கையே பிடித்துச் சுட வேண்டும். குழல் பிளந்தால் அந்தக் கைதான் போகும்.

"நான் சுட்டுப் பாத்துக்கறேன்," என்றார் ருடி.

"வேணாம்ணே. நான் சுடறேன். செஞ்சது நான்தான்."

பிளாஜ் சிரித்தான். "நீ பிடிக்கு எண்ணெ மட்டுந்தான் தேச்சிருப்ப."

மில்கா அவன் குபுராவை வாங்கித் திருப்பினாள். "பிடியில இங்க ஒரு பள்ளம் இருக்கு பாரு. ஒனக்குக் கட்டவெரல் பாதிதான் இருக்கு, வழுக்கக் கூடாதுன்னு அக்ரூட் கட்டையில நான் செதுக்குனது. இதச் செஞ்ச வருசம் அப்பாவுக்குக் கையில கரண்டியே நிக்கல. சூப்பை நான்தான் ஊட்டுனேன்."

அவன் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் அவரவர் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்கள்.

"அப்ப எல்லாத்துக்கும் மொத வெடிய தோமோ ஏன் போட்டான்?" ருடி கேட்டார்.

"பொம்பள செஞ்ச குழல்னா நீங்க கையில வாங்கியிருப்பீங்களா?"

பிளாஜ் தன் குபுராவை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

"நல்லா இருக்குன்னு ஒரு நாளும் அவர் சொன்னதில்ல," என்றாள் மில்கா. "என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நான் செஞ்ச ஒவ்வொண்ணையும் அந்த நடுங்குற கையில புடிச்சுச் சுட்டாரு."

ருடி கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "சாயந்திரம் மேட்டுக்கு வா."

கோவிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் அவர்கள் வரிசையாக நின்றார்கள். மில்கா அப்பாவின் கருமருந்துக் கொம்பைச் சாய்த்தாள். துளிகூட விழவில்லை. ருடி தன் தோளில் தொங்கிய கொம்பை எடுத்து ஓர் அளவு கொட்டினார்.

"இன்னொண்ணு."

"கை வீங்கிக் கெடக்கே மில்கா."

"ரெட்டைதாண்ணே."

கொட்டினார். மர அடைப்பை வைத்து அவளே சுத்தியலால் இடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் வலி முழங்கை வரை ஏறியது. கோவிலுக்குள் பூசையில் வானவர் கீதம் தொடங்கியது, கட்டவிழ்ந்த மணி அடித்தது.

"தள்ளி நில்லுங்க," என்றாள்.

ஆண்கள் எல்லாரும் தள்ளி நின்றார்கள். அவள் கையை உயர்த்தி விசையை இழுத்தாள்.

பள்ளத்தாக்கு முழுக்க நாய்கள் குரைத்தன. புகை விலகியதும் ருடி குழலை வாங்கி, சூட்டைப் பொருட்படுத்தாமல் அடியிலிருந்து வாய் வரை விரலால் தடவினார். கீறல் இல்லை. அதிலேயே தனக்கு மருந்து போட்டு, வரிசையில் போய் நின்றார். பிளாஜ் நகர்ந்து, நடுவில் அவளுக்கு இடம் விட்டான்.

வீட்டுக்கு இறங்கும்போதுதான் மில்காவுக்கு நினைவு வந்தது. ருடிக்கு இரண்டு அளவு கருமருந்து திருப்பித் தர வேண்டும்.