சனிக்கிழமைத் தகப்பன்

லீராய் சுடப்பட்டுச் செத்து, அடக்கமும் முடிந்த மறு சனிக்கிழமை, இளம் தகப்பன்மாருக்கான வகுப்புக்கு வழக்கம்போலத் தாமதமாக வந்து சேர்ந்தான். லாவண்டர் ஹில் குடியிருப்பில் அன்று தென்கிழக்குக் காற்று பேயாய் அடித்தது. அவன் தலைமுடியெல்லாம் மணல். வகுப்பு நடத்தும் ஃபால்டீலா ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கும் லேட்டா? போய்க் கையைக் கழுவிட்டு வா" என்றார். மற்ற பையன்கள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்பவுடர் வாங்க வந்திருந்த ரோசேன், அவனுடைய காதலி, பதினேழு வயதுக்காரி, கறுப்பு உடுப்பில் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு அலறத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.

"அன்னைக்கு அந்தச் சந்து வழியா ஏன்டா வந்தே? சுத்திக்கிட்டு வான்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"நேரமாயிடுச்சு. அன்னைக்குக் குளிப்பாட்டுறது சொல்லித் தர்றேன்னு ஆன்ட்டி சொல்லியிருந்தாங்க."

மகள் மிக்கேலா பிறந்த வாரமே அவன் தன் கும்பலை விட்டு விலகியிருந்தான். அந்தச் செய்தி எதிர்க் கும்பலின் சந்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஆன்ட்டி தொட்டியில் வெந்நீர் ஊற்றினார். லீராய் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, மகளைக் குளிப்பாட்டினான். குழந்தை சிரித்தது. வகுப்பு முடிந்ததும் ரோசேன் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். படி தாண்டியபோது அவள் கையில் ஒரு பிடி மணல்தான் இருந்தது. அதன்பின் அவள் இழுக்கவில்லை. சனிதோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு வந்தாள். அங்கே அவர்கள் சூப்பைப் பகிர்ந்துகொண்டார்கள், சண்டை போட்டார்கள், மிக்கேலா அவன் விரலைப் பிடித்து நடை பழகினாள். வகுப்புக்குப் பண உதவி செய்கிறவர்கள் பார்வையிட வந்து, இறந்தவரை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு வாரம் தவறாம வர்றவன் அவன் ஒருத்தன்தான்" என்றார் ஆன்ட்டி. அவர்கள் சூப் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வருஷம் ட்ரெவினோ வந்தான். லீராயைச் சுட்டவன் அவன்தான் என்று தெருவுக்கே தெரியும். சாட்சி சொல்ல ஆளில்லாமல் அந்த வழக்கு நிற்கவில்லை. வேறொரு திருட்டு வழக்கில் நீதிமன்றம் அவனை இந்த வகுப்புக்கு அனுப்பியிருந்தது. அவனுக்கு மகன் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ரோசேன் வாசலை மறித்து நின்றாள். "இவன் உள்ளே வந்தா நான் இனிமே வரமாட்டேன் ஆன்ட்டி."

ஆன்ட்டி கையிலிருந்த துண்டை மடித்து வைத்தார். பிறகு, "நான் யாரையும் வராதேன்னு சொன்னதில்லை ரோசேன். செத்தவனையே சொல்லலையே" என்றார்.

ட்ரெவினோ துணியில் சுற்றிய மகனோடு உள்ளே வந்தான். காலியாக இருந்தது லீராயின் பக்கத்து இடம் மட்டும்தான். உட்கார்ந்தான். ஆன்ட்டி துணியை விலக்கி மகனை மடியில் கொடுத்தபோது, பிடிக்கத் தெரியாமல் நழுவவிட்டான். லீராய்தான் சட்டென்று கையை நீட்டித் தாங்கினான்.

"கழுத்தைப் பிடிடா, கழுத்தை. முதல்ல அதைத்தான் பிடிக்கணும்."

ட்ரெவினோ பிடித்தான். பிள்ளையின் தலைமேல் அவன் கண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. லீராய் துண்டை எடுத்துத் துடைத்தான், பிள்ளையின் தலையை மட்டும். ரோசேன் ட்ரெவினோவை மன்னிக்கவில்லை. பிறகும் மன்னிக்கவில்லை. ஆனால் வராமலும் இருக்கவில்லை. எதிர்ச் சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

வருஷங்கள் போயின. ரோசேனுக்குச் சூப்பர் மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. கிளைவ் என்ற பஸ் டிரைவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அதை லீராயிடம் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அவன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நல்லவனா?"

"நல்லவன்."

"மிக்கேலாமேலே கை ஓங்குவானா?"

"மாட்டான்."

"அப்போ சரி" என்றான். அன்று அவன் போன பிறகு பெஞ்சடியில் வழக்கத்தைவிட அதிக மணல் கிடந்தது. ரோசேனே கூட்டினாள். கூட்டியதை வெளியே கொட்ட மனம் வராமல் முறத்தோடு நின்றிருந்தாள். கடைசியில் ஆன்ட்டி வந்து வாங்கிக்கொண்டார்.

ஃபால்டீலா ஆன்ட்டி காலமானபின் வகுப்பு ரோசேன் கைக்கு வந்தது. இளம் தாய்மாருக்கும் ஒரு பெஞ்ச் போட்டாள். கடைக்கண்ணால் லீராயைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மகனைப் பார்ப்பதுபோல் இருப்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அதையும் பழகிக்கொண்டாள். மிக்கேலா நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து, சனிக்கிழமைகளில் உதவிக்கு வந்தாள். லீராய்க்கு வயது பத்தொன்பதிலேயே நின்றிருந்தது. அவளுக்கு இருபத்தொன்று நடந்தது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் லீராயைக் காட்டி மிக்கேலாவிடம் கேட்பது ரோசேன் காதில் விழுந்தது. "அக்கா, அது உங்க தம்பியா?"

"இல்லப்பா, எங்கப்பா" என்றாள் மிக்கேலா. அப்பாவுக்கு டீயில் சர்க்கரை தூக்கலாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.