இரண்டாவது ஆரஞ்சு

அந்தப் பட்டறை முதலாளிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 'ஒரிஜினல்' என்றால் போதும். ஒரிஜினல் திருகாணி, ஒரிஜினல் ரப்பர், ஒரிஜினல் சிவப்பு என்று அந்தச் சொல்லை ஒரு தடவையாவது உச்சரிக்காமல் அவருக்கு வாய் மூடாது. பழைய சோடா இயந்திரங்களையும் குளிர்பெட்டிகளையும் சரிசெய்து, அவை தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே திருப்பித் தருவது அவர் தொழில். தொழில் என்று சொன்னால் கோபம் வரும். மறுபிறவி என்று சொல்ல வேண்டும். வாசல் பலகையிலும் 'இயந்திர மறுபிறவி நிலையம்' என்றுதான் எழுதியிருந்தது. பலகையைப் பாதி மட்டும் படித்துவிட்டு, போன பிறவியில் தான் யார் என்று கேட்க வந்த ஒருவரை உட்காரவைத்துப் பேசி, ஒரு குளிர்பெட்டியை அவர் தலையில் கட்டித்தான் அனுப்பினார்.

மறுபிறவியில் பாதி வேலை அவர் மனைவியுடையது. கம்ப்ரஸரைத் திறப்பது, சோப்பு நுரை தடவி கேஸ் கசிவைக் கண்டுபிடிப்பது, மக்கிப்போன வயரை உருவிப் புதிது இழுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பெயிண்ட் அவள் தம்பி. மிச்சம் இருந்தது ஒரிஜினலுக்கு: காசு விழும் பொறி, கைப்பிடி, பாட்டிலை விடும் பொறி, பிறகு பேச்சு. இதில் பேச்சுதான் கனமான வேலை. இயந்திரத்தை ஒப்படைக்கும் இடத்தில் அதைச் சிவப்புத் துணியால் மூடி, வீட்டாரை வரிசையாக நிறுத்தி, அதற்கு என்னென்ன நோய் இருந்தது, தான் அவற்றை எப்படித் தீர்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் துணியை இழுப்பார். அந்தப் பேச்சில் 'நான்' நிறைய வரும். 'நாங்கள்' வந்து யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஆள் உயர சோடா இயந்திரம் ஒன்றைக் குட்டி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். டெப்போ கேன்டீனின் மூலையில் பல காலம் நின்றது அது. டெப்போவை இடித்துக் கட்டுகிறார்களாம். பழைய இரும்போடு போகவிருந்ததை அவர் கெஞ்சி வாங்கியிருக்கிறார்.

"என் வீட்டுக்காரி அதே டெப்போல கண்டக்டர். இந்த மாசக் கடைசியில ரிட்டையர் ஆகுறா. அன்னைக்கு இது எங்க வீட்டுல நிக்கணும். துரு போகணும், குளிரணும். அவ்வளவுதான். கைப்பிடியும் உள்ள இருக்குற பொறியும் நல்லாத்தான் இருக்கு, அதத் தொட வேண்டாம்."

ஒரிஜினல் சிரித்தார். எல்லாவற்றையும் பாருங்கள், இருதயத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கும் நோயாளியைப் பார்த்து டாக்டர் சிரிக்கும் சிரிப்பு.

"கவலைய விடுங்க சார். ஒரிஜினலா வரும்."

"ஒரிஜினலா எல்லாம் வேணாம் தம்பி. இப்ப இருக்குற மாதிரி இருந்தாப் போதும்."

இந்த வாக்கியம் ஒரிஜினலின் காதுக்குள் போகவில்லை. போயிருந்தாலும் உள்ளே அதற்கு உட்கார இடம் இல்லை.

வேலை தொடங்கியது. தம்பி பெயிண்டைச் சுரண்டினான். மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதன் கீழே ஒரு மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் வெயில் படாத நல்ல சிவப்பு. அக்கா கம்ப்ரஸரை மேசை மேல் ஏற்றி, அதன் வயிற்றிலிருந்து கரியாகிப்போன எண்ணெயை வடித்தாள். ஒரிஜினல் நேராகப் பாட்டில் பொறிக்குப் போனார். தொட வேண்டாம் என்று சொன்ன இடம் எப்போதும் முதலில் அரிக்கும்.

பொறி எளிமையானது. காசைப் போட்டுக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஒரு பாட்டில் உருண்டு வரும். கைப்பிடி மேலே திரும்பும்போது ஒரு சின்ன இரும்புக் கொக்கி குறுக்கே வந்து அடுத்த பாட்டிலைத் தடுக்கும். ஆரஞ்சு சோடா வரிசையின் கொக்கி மட்டும் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. கைப்பிடியைச் சட்டென்று விட்டால் ஒன்றும் ஆகாது. மெதுவாக விட்டால் கொக்கி வழுக்கி, அடுத்த பாட்டிலும் இலவசமாக இறங்கிவிடும்.

"பாத்தியா? ஒரு காசுக்கு ரெண்டு பாட்டில். இது மெஷினா, திருடனா?" என்றார் ஒரிஜினல்.

"திருடன் எடுப்பான். இது குடுக்குது," என்றாள் மனைவி. "அவர் தொட வேண்டாம்னு சொன்னாருல்ல?"

"அவருக்கு என்ன தெரியும்? பாவம், பஸ் ஓட்டினவர்."

நல்ல எஃகை அறுத்து, அரத்தால் தேய்த்து, சூடேற்றி எண்ணெயில் முக்கி, புதுக் கொக்கி ஒன்றைச் செய்தார். வெளியே தெரியாத அந்தத் துண்டை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். குறை சொல்லக்கூடாது, கை நல்ல கை. வாய்தான் கையை விட ஒரு அடி முன்னால் போகும்.

இயந்திரம் தயாரானதும் டிரைவர் பார்க்க வந்தார். சிவப்பு மின்னியது, உள்ளே ஆரஞ்சு பாட்டில்கள் வியர்த்துப்போய் நின்றன. அவர் அதையெல்லாம் பார்த்ததாகவே தெரியவில்லை. நேராகப் போய்க் காசைப் போட்டார், கைப்பிடியை இழுத்தார். தடதடவென்று ஒரு பாட்டில் வந்தது. கைப்பிடியை விடாமல், தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது போல மெல்ல மெல்ல மேலே போகவிட்டார். காதைக் கொடுத்து நின்றார். ஒன்றும் விழவில்லை.

இன்னொரு காசு போட்டு மறுபடியும் செய்தார். மறுபடியும் ஒன்றுதான்.

"என்ன சார், எதையோ எதிர்பாக்குற மாதிரி இருக்கு?"

"இல்ல தம்பி... முன்னாடி கொஞ்சம் தாராளமா இருக்கும்."

"எது சார்?"

"கைப்பிடி."

"அதான் இறுக்கிட்டேன். இனி உங்க பேரன் காலம் வரைக்கும் அசையாது."

டிரைவர் ஒரு புன்னகையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பாட்டில்களைத் திறக்காமலே வைத்துவிட்டு வெளியே போனார்.

"மாமா, அவர் மூஞ்சி தொங்கிப் போச்சு," என்றான் தம்பி.

"சந்தோஷத்துல வார்த்தை வரல மாப்ள. என் வேலையப் பாத்தா நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகும்."

வாசலில் காலி கம்ப்ரஸர் கூடு ஒன்றின் மேல் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஒரிஜினலின் மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தேஞ்ச கொக்கிதானே அண்ணே உங்களுக்கு வேணும்?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

"தங்கச்சி, நான் கஞ்சன். டெப்போவே சொல்லும். பிரேக் போட்டா டயர் தேயும்னு ஹாரன அடிச்சே ஓட்டினவன்னு கேலி பண்ணுவாங்க. அவ வீட்டுல என்னை யாருக்கும் பிடிக்கல. அவ ஒருத்திதான் எனக்காகப் பேசினா. 'கஞ்சனா? மத்தியான டிரிப் முடிஞ்சு வந்தா, தனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு தினமும் ஆரஞ்சு வாங்கிட்டு வருவாரு'ன்னு. அத வச்சுத்தான் கல்யாணமே நடந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் விருந்தாளி வந்தா அந்தக் கதையச் சொல்லிட்டுத்தான் தட்டு வைப்பா."

"வாங்கினது ஒண்ணுதான்," என்றாள் அவள்.

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது மெஷின் குடுத்தது. அவ பஸ்ல உக்காந்து டிக்கெட் கணக்கு பாத்துட்டு இருப்பா, மெஷின் பக்கம் பாக்க மாட்டா." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஊரு எனக்கு என்ன செஞ்சுதோ தெரியாது. இந்த மெஷின் எனக்கு ஒரு குடும்பம் குடுத்துச்சு. அவ கடைசி நாள்லயும் அதே மாதிரி ரெண்டு பாட்டில எடுத்து, ஒண்ண அவ கையில குடுக்கணும்னு ஆசை. இப்பப் போய் கடையில வாங்கிக் குடுத்தா அது வேற ஆரஞ்சு."

அவள் உள்ளே போய்ப் பழைய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தாள். ஸ்பிரிங், வாஷர், எவருடையதோ சாவி எல்லாம் இருந்தன. கொக்கி இல்லை.

"டேய், அந்தத் தேஞ்ச கொக்கி எங்கடா?"

"சுவத்துல இருக்கு. என் சட்டைய மாட்டியிருக்கேன். மழுங்கலா இருக்கா, துணி கிழியாது."

ஒரிஜினல் சிவப்புத் துணிக்கு இஸ்திரி போடப் போயிருந்த நேரத்தில் அவள் இயந்திரத்தின் பின்பக்கத்தைத் திறந்தாள். பளபளப்பான கொக்கி வெளியே வந்தது, மழுங்கல் கொக்கி உள்ளே போனது. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பேசுவார்.

ஓய்வுபெறும் நாளன்று டிரைவர் வீட்டின் முன்னறையில் கால் வைக்க இடம் இல்லை. டிரைவர் மனைவியின் அண்ணன்மார், டெப்போக்காரர்கள், அக்கம்பக்கத்தவர் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். கண்டக்டரம்மா கழுத்தில் மாலையும் தோளில் காலிப் பையுமாக நடுவில் நின்றாள். பையைக் கழற்ற மனம் வரவில்லை போலும். டிரைவர் சட்டைப்பையில் ஒரு காசை வைத்து அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரிஜினல் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். துருவின் வரலாறு. மூன்று வண்ணப் பூச்சுகளின் அடியிலிருந்து தான் மீட்ட சிவப்பு. (தம்பி தன் விரல் நகங்களைப் பார்த்தான்.) மூச்சு நின்றிருந்த கம்ப்ரஸருக்குத் தான் கொடுத்த உயிர். (மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.)

"கடைசியா ஒரு பெரிய நோய்," என்று குரலை ஏற்றினார். டிரைவர் நிமிர்ந்தார். "இந்த மெஷின் ஒரு காசு வாங்கிட்டு ரெண்டு ஆரஞ்சு குடுத்துட்டு இருந்துச்சு. டெப்போ கேன்டீனுக்கு எவ்வளவு நஷ்டம் ஆகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க. நான் சும்மா விடல. இனி ஒரு காசுக்கு ஒண்ணுதான்."

துணியை இழுத்தார். யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் அந்த ஆரஞ்சுக் கதை தெரியும். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் கேட்ட கதை. மூத்த அண்ணன் மெல்ல டிரைவர் பக்கம் திரும்பினார். பல வருடமாக ஒத்திவைத்திருந்த ஒரு சிரிப்பு அவர் மீசைக்குக் கீழே வேலையில் சேர்ந்தது. டிரைவர் தரையைப் பார்த்தார். காசைத் தொட்டுக்கொண்டிருந்த கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது.

கண்டக்டரம்மா தன் தோள்பையைத் துழாவி, அடியில் கிடந்த ஒரு காசை எடுத்தாள். இயந்திரத்தில் போட்டாள். கைப்பிடியை இழுத்தாள். ஒரு பாட்டில் வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஒரிஜினல்.

அவள் கைப்பிடியை விடவில்லை. தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது போல மெல்ல, மெல்ல மேலே போகவிட்டாள். உள்ளே எதுவோ வழுக்கியது. தடதடவென்று இரண்டாவது ஆரஞ்சு இறங்கி முதலாவதை இடித்துக்கொண்டு நின்றது.

ஒரிஜினலின் வாய் திறந்திருந்தது. ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பட்டறையிலிருந்து வந்த மற்ற இரண்டு பேருக்கும் இதுவே அன்றைய பெரிய அதிசயம்.

"உனக்கு... இது எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர்.

"டெப்போல தெரியாதவங்க யாரு? மேனேஜர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. அவருக்கு எதுவுமே தெரியாது."

"அப்ப இத்தன வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமையடிச்சியே?"

"அடிச்சேன். இப்பவும் அடிப்பேன்." அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள். "அண்ணே, அந்த டெப்போல அத்தன பேரும் ரெண்டு பாட்டிலையும் அவங்களே குடிச்சாங்க. ஷெட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு குடிச்சாங்க. நானும் குடிச்சிருக்கேன். இவரு ஒருத்தர்தான், வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்து நாக்கு ஒட்டிப்போய் நிக்கிறப்ப, சும்மா வந்தத எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தாரு. காசு குடுத்து வாங்கியிருந்தா நான் என்னைக்கோ மறந்திருப்பேன். சும்மா வந்ததக் குடுக்கத்தான் மனசு வேணும்."

அண்ணனின் சிரிப்பு அன்றே ராஜினாமா செய்தது.

இயந்திரத்தின் முகத்திலேயே இருந்த மூடி திறப்பானில் இரண்டையும் திறந்து, ஒன்றை அவள் நீட்டினாள். "பிடிங்க டிரைவர் சார். வண்டி எடுக்க நேரமாச்சு."

அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார், சட்டை நனைந்தது. "ரொம்ப நன்றி கண்டக்டர்" என்று மட்டும் சொன்னார். பிறகு இயந்திரத்தின் பக்கமும் திரும்பி ஒருமுறை தலையை அசைத்தார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் ஒரிஜினல் இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒரு காசைப் போட்டார். இழுத்தார். மெதுவாக விட்டார். இரண்டு வந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் நீட்டினார்.

"நீதானே மாத்தின?"

"ஆமா."

பேச்சு வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நல்லா மாட்டியிருக்க."

"என்ன சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, தம்பிக்கும் கேக்கட்டும்."

"குடி. குளுமை போயிடும்."

அவள் ஒரு மடக்கு குடித்தாள். "நான் செஞ்ச கொக்கி எங்க?" என்று ஒரிஜினல் மெதுவாகக் கேட்டார்.

"சுவத்துல இருக்கு மாமா," என்றான் தம்பி. "ஆனா ரொம்பப் பாலீஷ். சட்டை நிக்க மாட்டேங்குது."